அலாஸ்காவுல கிளேசியர் (பனியாறு) பாக்க ஒரே ஒரு நாள்தான் இருக்குன்னா எதுல போறது: கப்பல் டெக்கா, சின்ன போட்டா, ஹெலிகாப்டரா, பஸ்ஸா?

டல்லாஸ்ல இருக்குற எங்க அக்கா பையன் போன வாரம் போன் பண்ணான். மதுரைலருந்து அம்மாவும் அப்பாவும் மே மாசம் வர்றாங்க, ஒரு வாரம் லீவு போட்டு அலாஸ்கா குரூஸ் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன் சித்தி, ஆனா புக் பண்ணலாம்னு உக்காந்தா கிளேசியர் பேங்குறான், ஹப்பர்டுங்குறான், எண்டிகாட் ஆர்முங்குறான், அதுக்கு மேல அலாஸ்கா தலைநகரம் ஜூனோல ஒரு நாளைக்கே இருபது டூர் காட்டுறான், எல்லாத்துலயும் அதே நீல ஐஸ் போட்டோதான் இருக்கு, எத எடுக்குறதுன்னே தெரியலன்னான். அவன்கிட்ட ஒரு மணி நேரம் பேசினதத்தான் இங்க எழுதுறேன், இதே கேள்விய வேற ரெண்டு மூணு பேரும் என்கிட்ட கேட்டுட்டாங்க.

நாங்க சியாட்டில்ல இருக்கோம், கப்பல் கிளம்புற துறைமுகம் பக்கத்துலயே இருக்குறதால மூணு தடவை போயாச்சு. 2019ல நானும் வீட்டுக்காரரும் மட்டும், 2023ல பிள்ளைங்களோட, 2024ல அம்மா அப்பாவோட. மூணு தடவையும் கிளேசியர வேற வேற விதமாப் பாத்தோம், அதனால எனக்கு இதுல ஒரு முடிவான அபிப்பிராயம் இருக்கு. எவ்வளவு கிட்ட போறோம்கிறத வச்சு டூர் எடுக்காதீங்க, ஐஸ் முன்னாடி எவ்வளவு நேரம் நிக்க விடுறாங்கன்னு பாத்து எடுங்க. எல்லா டூர்காரங்களும் கிட்டக் காட்டுறோம்னுதான் விளம்பரம் பண்றாங்க, எத்தனை நிமிஷம்னு கேட்டாத்தான் சொல்றாங்க.

ஏன் நேரம் முக்கியம்னா, முதல் அஞ்சு நிமிஷத்துல கிளேசியர் ஒண்ணுமே காட்டாது. அழுக்கு வெள்ளையா ஒரு சுவர், அவ்வளவுதான், பக்கத்துல மரமோ வீடோ இல்லாததால எவ்வளவு உயரம்னுகூடக் கண்ணுக்குப் பிடிபடாது. எங்க அம்மா கிளேசியர் பேல இருக்குற மார்ஜரி கிளேசியர் முன்னாடி வந்து நின்னதும் "இம்புட்டுதானா"ன்னுதான் கேட்டாங்க. அப்புறம் அந்தச் சுவருக்குக் கீழ தண்ணில புள்ளி புள்ளியா ஏதோ பறந்துச்சு, பைனாகுலர்ல பாத்தா கடல்புறா கூட்டம், அத்தனை பெரிய பறவை கொசு மாதிரி தெரியுதுன்னா சுவர் எவ்வளவு உயரம்னு அப்பத்தான் உறைச்சுச்சு, தண்ணிக்கு மேல மட்டும் 75 மீட்டர், அதாவது இருபது மாடிக்கு மேல. அம்மா பைனாகுலர கீழயே இறக்கல. ஒரு கால் மணி நேரம் கழிச்சு இடது ஓரத்துல ஒரு தூண் அப்படியே சரிஞ்சு தண்ணில விழுந்துச்சு, விழுந்தது கண்ணுக்குத் தெரிஞ்சு ரெண்டு செகண்ட் கழிச்சுத்தான் சத்தம் வந்துச்சு, தூரத்து இடி மாதிரி, நெஞ்சுல வந்து முட்டுச்சு. டெக்ல இருந்த அத்தனை பேரும் கப்புன்னு அமைதியாயிட்டாங்க. அஞ்சு நிமிஷத்துல கிளம்புற டூர்ல போயிருந்தா எங்க அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் அது "இம்புட்டுதான்".

சரி, முதல்ல எந்தக் கப்பல்ங்குற விஷயம், ஏன்னா இத முடிவு பண்ணாம டூர் பத்தி யோசிக்கிறதுல அர்த்தமே இல்ல. அலாஸ்கா கப்பல்கள்ல பெரும்பாலும் ஒரு நாள் கிளேசியருக்குன்னு ஒதுக்கியிருப்பாங்க, அந்த நாள் எங்கேன்னு பயணத்திட்டத்துலயே போட்டிருக்கும்.

கிளேசியர் பே தேசியப் பூங்கா கிடைச்சா மறு யோசனை வேண்டாம், அதையே எடுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு பெரிய கப்பலுக்குத்தான் உள்ள அனுமதி, அதனால பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, நார்வீஜியன் மாதிரி சில கம்பெனிக்குத்தான் கிடைக்கும், டிக்கெட்டும் கொஞ்சம் கூட இருக்கும். காலைல அந்த விரிகுடா வாசல் பக்கம் ஒரு சின்னப் படகுல பூங்கா ரேஞ்சருங்க வந்து ஓடுற கப்பல்லயே ஏணி வழியா ஏறிக்குவாங்க, நாள் முழுக்க மைக்ல விளக்கம் சொல்லிட்டே வருவாங்க. இதுக்குத் தனிக் காசு கிடையாது, கப்பலவிட்டு இறங்கவும் வேண்டாம். காலைல நுழைஞ்சு சாயங்காலம்தான் வெளிய வர்றோம், அதுல மார்ஜரி முன்னாடி மட்டும் ஒரு மணி நேரம் கப்பல் நின்னு மெதுவா முழு வட்டம் திரும்பும், அதனால ரூம் எந்தப் பக்கம்னு கவலையே வேண்டாம், ரெண்டு பக்கத்துக்கும் காட்சி கிடைக்கும்.

அங்க எனக்கு மனசுல ஒட்டினது அந்த இடத்தோட கதை. 1794ல ஜார்ஜ் வான்கூவர்ங்குற பிரிட்டிஷ் மாலுமியோட கப்பல்காரங்க அந்தப் பக்கம் அளவெடுக்க வந்தப்போ இந்த விரிகுடாவே கிட்டத்தட்ட கிடையாது, வாசல்லயே ஐஸ் சுவர் நின்னுச்சு. 1879ல இயற்கை எழுத்தாளர் ஜான் மியூர் வந்தப்போ ஐஸ் 50 கிலோமீட்டருக்கு மேல உள்ள போயிருந்துச்சு. இப்ப நாம வாசல்லருந்து 100 கிலோமீட்டர் கப்பல்ல போனாத்தான் மார்ஜரியப் பாக்க முடியும். அதாவது அந்த நாள் முழுக்க நாம போற கடல் மொத்தமும் இருநூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி ஐஸ். ஹூனா டிலிங்கிட் மக்கள் அதுக்கும் முன்னாடி அங்க ஊர் கட்டி வாழ்ந்தவங்க, ஐஸ் முன்னேறி வந்து அவங்கள ஊரவிட்டே விரட்டுச்சு. எங்க கப்பல்ல அந்த மக்கள்ல ஒரு பெரியம்மா வந்து பேசினாங்க, நான் அம்மாவுக்குத் தமிழ்ல சொல்லச் சொல்ல, "நம்ம பூம்புகார கடல் கொண்ட மாதிரி இவங்க ஊர ஐஸ் கொண்டிருச்சு"ன்னாங்க. வாசல் பக்கம் பார்ட்லெட் கோவ்ல 2016ல அவங்களுக்குன்னு ஒரு குலவீடு திறந்திருக்காங்க, கப்பல் அங்க நிக்காது.

ஹப்பர்ட் கிளேசியர் வேற ரகம். 122 கிலோமீட்டர் நீளம், கடலத் தொடுற முகப்பு மட்டும் பத்து கிலோமீட்டர் அகலம், வட அமெரிக்காவுல கடல்ல முடியுற கிளேசியர்லயே பெருசு. மத்ததுல பெரும்பாலானது பின்வாங்கிட்டிருக்க இது முன்னாடி வந்துட்டிருக்கு, 1986லயும் 2002லயும் பக்கத்து ரஸ்ஸல் ஃபியார்டோட (மலைங்களுக்கு நடுவுல உள்ள போற ஒடுக்கமான கடல்) வாயவே அடைச்சு அத ஏரியாக்கிருச்சு. பிரம்மாண்டம்னா இதுதான். ஆனா கடல்ல ஐஸ் கட்டி அதிகமா மிதந்தா கேப்டன் கிட்டப் போக மாட்டார். எங்க சித்தப்பா குடும்பம் போனப்போ பனிமூட்டம், ஐஸ் ரெண்டும் சேந்து ரொம்பத் தள்ளியே நிறுத்தித் திருப்பிட்டாங்க, ஒரு வெள்ளைக் கோடுதான் பாத்தோம்னு சித்தி வருத்தப்பட்டாங்க. நல்ல நாள் அமைஞ்சா ஹப்பர்ட், கிளேசியர் பேயவே மிஞ்சும். ஒரே ஒரு தடவை வர்ற பெத்தவங்களுக்கு அந்தப் பரீட்சை வைக்க எனக்கு மனசு வராது.

மூணாவது, ஜூனோவுக்குத் தெக்க இருக்குற ஒடுக்கமான ஃபியார்டுங்க. முன்னாடி பாதி கப்பல் ட்ரேசி ஆர்முக்குத்தான் போகும். 2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி விடியக்காலைல அங்க சவுத் சாயர் கிளேசியர் பக்கம் ஒரு மலைச்சரிவு கடல்ல விழுந்து சுனாமி கிளம்புச்சு, அதுக்கப்புறம் பல கம்பெனி பக்கத்துல இருக்குற எண்டிகாட் ஆர்முக்கு மாத்திக்கிட்டாங்க. பழைய வீடியோ, பழைய கட்டுரையப் பாத்து ட்ரேசி ஆர்ம்னு ஆசைப்பட்டிருந்தீங்கன்னா உங்க தேதிக்கு எது போட்டிருக்குன்னு திரும்ப ஒரு தடவை பாருங்க. எண்டிகாட்ல கடைசில இருக்குறது டாஸ் கிளேசியர். ரெண்டு பக்கமும் கிரானைட் மலை செங்குத்தா ஏறுது, எங்க பாத்தாலும் அருவி, தண்ணி பால் கலந்த பச்சை நிறம், கிளேசியர் பாறைய மாவா அரைச்சுக் கொண்டாந்து கலக்குறதால வர்ற நிறம் அது. வழி மட்டும்தான்னாகூட நான் போவேன். ஆனா பெரிய கப்பல் பல நாள் கிளேசியர் முகத்துக்கிட்டயே போகாது, வளைவு தாண்டித் தள்ளியே திரும்பிரும்.

இங்கதான் சின்ன போட் டூர் வருது. ஃபியார்டுக்குள்ள வச்சே கப்பலோட கீழ்க் கதவத் திறந்து, ஒட்டி வந்து நிக்கிற ஒரு கட்டமரன்ல (ரெட்டை அடிப்பாகம் உள்ள போட்) ஏத்திக்குவாங்க, ஐஸ் கட்டிங்களுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு கிளேசியர்கிட்டப் போய் ஒரு மணி நேரம் போல நிப்பாங்க, அப்புறம் நேரா ஜூனோ கொண்டுபோய் விடுவாங்க, அதுக்குள்ள பெரிய கப்பலும் அங்க வந்திருக்கும். இத கப்பல் கம்பெனி வழியாத்தான் வாங்க முடியும், சீட்டு கொஞ்சம்தான், சீக்கிரம் தீந்துரும். 2023ல நாங்க ஆளுக்கு 300 டாலர் பக்கம் கொடுத்தோம். நாலு பேருக்குப் பெரிய காசுதான், நானும் ரெண்டு வாரம் யோசிச்சுட்டுத்தான் வாங்கினேன், ஆனா மூணு பயணத்துலயும் செலவழிச்ச காசுல இதுக்குக் கொடுத்ததுதான் எனக்கு முழு திருப்தி.

கேப்டன் இஞ்சின அணைச்சாரு. அஞ்சு நிமிஷம் யாரும் பேச வேணாம்னு கேட்டுக்கிட்டாரு. அப்பத்தான் தண்ணி முழுக்க ஒரு சத்தம் கேட்டுச்சு, தாளிக்கிறப்போ கடுகு பொரியுமே அந்த மாதிரி படபடபடன்னு, விடாம, எல்லாப் பக்கத்துலருந்தும். ஐஸ்க்குள்ள பல நூறு வருஷமா அடைபட்டுக் கிடந்த காத்துக் குமிழி, உருக உருக வெடிச்சு வெளிய வர்ற சத்தம் அது. ஒரு பணியாளர் வலை போட்டு ஒரு ஐஸ் துண்டத் தூக்கி மேல போட்டாங்க, கண்ணாடி மாதிரி, உள்ள ஒரு வெள்ளைக் கீறல்கூட இல்ல, என் சின்னவ அத ரெண்டு கையாலயும் பிடிச்சுக் காதுல வச்சுக்கிட்டு நின்னா, கை செவந்து போச்சு, கீழ வைக்கவே மாட்டேன்னுட்டா. பத்தடி தள்ளி ஒரு ஐஸ் பலகை மேல சீல் ஒண்ணு குட்டியோட படுத்து எங்களையே பாத்துச்சு. பெரிய கப்பல் பதினோராவது மாடிலருந்து இதுல எதுவும் கேக்காது, சீல் கருப்புப் புள்ளியாத் தெரியும்.

குறை இல்லாம இல்ல. ஏறுற இடத்துல கப்பலும் போட்டும் ரெண்டும் ஆடும், ஒரு எட்டு தாண்டி வைக்கணும், ஆள் கைய பிடிச்சுக்குவாங்கதான், ஆனா முட்டி வலி இருக்குறவங்க பயப்படுவாங்க. அன்னிக்கு ஜூனோல உங்களுக்குக் கிடைக்கிற நேரமும் குறைஞ்சிரும். ஐஸ் அதிகமா இருந்தா சின்ன போட்டும் முகம் வரைக்கும் போக முடியாத நாள் உண்டு. இருந்தாலும் எண்டிகாட் போற கப்பல்ல டிக்கெட் எடுத்தாச்சு, கூட வர்றவங்களுக்குக் கால் திடமா இருக்குன்னா, ஜூனோ டூர் காச மிச்சம் பிடிச்சு இதுல போடுங்க.

இப்ப ஜூனோ. ரோடு வழியா வேற ஊருக்குப் போகவே முடியாத ஒரு தலைநகரம், கப்பல்லயோ விமானத்துலயோதான் வந்தாகணும். ஊருக்குப் பின்னாடி 3,900 சதுர கிலோமீட்டர் ஐஸ் வயல், அதுலருந்து இறங்குற ஒரு நாக்குதான் மெண்டன்ஹால் கிளேசியர், துறைமுகத்துலருந்து 20 கிலோமீட்டர்.

ஹெலிகாப்டர் டூர் நாங்க 2019ல போனோம். எடை பாத்து, ஷூவுக்கு மேல பூட்ஸ் மாட்டி, மலை முகட்டத் தாண்டிக் கூட்டிட்டுப் போனாங்க, அந்த ஐஸ் வயல் மேலருந்து விரிஞ்சு கிடக்குறதப் பாத்தது மறக்கவே முடியாது, அது வேற எதுலயும் கிடைக்காத காட்சி, அத நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஹெர்பர்ட் கிளேசியர் மேல இறக்கினாங்க, நீலமா ஒரு குழி, அதுல தண்ணி சுழிச்சு இறங்குது, ஓடுற தண்ணிய கையால அள்ளிக் குடிச்சேன், பல்லு கூசிருச்சு. ஆனா ஐஸ் மேல நின்னது 25 நிமிஷம்தான். போட்டோ எடுக்கவே பாதி போச்சு, கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள ஏறச் சொல்லிட்டாங்க. இன்னிக்கு ஆளுக்கு 400 டாலர் இல்லாம நடக்காது, எடை கூட இருந்தா கூடுதல் காசு. அதவிடப் பெரிய விஷயம் மேகம். ஜூனோ மழை ஊரு, மேகம் இறங்குனா ரத்து, காசு திரும்ப வந்துரும், ஆனா அந்த நாள் போச்சு. 2024ல வீட்டுக்காரரும் அப்பாவும் போறதா போட்டு வச்சிருந்தோம், அன்னிக்குக் காலைல துறைமுகத்துலயே ரத்துன்னுட்டாங்க, அப்பா ஒண்ணும் சொல்லல, ஆனா ஏமாற்றம் முகத்துல தெரிஞ்சுச்சு. ஹெலிகாப்டர் போடுறவங்க கைல ரெண்டாவது திட்டம் ஒண்ணு இல்லாமப் போடாதீங்க.

எங்க ரெண்டாவது திட்டம் மெண்டன்ஹால் பஸ். துறைமுகத்துலயே ஷட்டில் பஸ் நிக்கும், போய்வர ஆளுக்கு 50 டாலர் பக்கம், கூட்டம் ஜாஸ்திங்கிறதால இப்பல்லாம் முன்னாடியே வாங்கி வைக்கிறது நல்லது. ரெண்டு டாலர் டவுன் பஸ்ஸும் இருக்கு, ஆனா ரெண்டு கிலோமீட்டருக்கு மேல தள்ளி இறக்கிவிடும், வயசானவங்களோட அது வேண்டாம். இதுல பெரிய லாபம், யாரும் உங்கள அவசரப்படுத்த மாட்டாங்க. எப்ப வேணா திரும்பலாம், அடுத்த பஸ் வரும். அரை கிலோமீட்டர்கூட இல்லாத போட்டோ பாயிண்ட் பாதை வழவழன்னு போட்டிருக்கு, சக்கர நாற்காலியே போகும், அம்மா அதுல போய் பெஞ்சுல உக்காந்துட்டாங்க. நாங்க நகெட் அருவி வரைக்கும் நடந்தோம், போக ஒன்றரை கிலோமீட்டர், மேடு பள்ளம் இல்ல, சாரல் மூஞ்சில அடிக்குது, அப்பாவும் நடந்தே வந்துட்டாங்க, ஹெலிகாப்டர மறந்துட்டாங்க. ஜூலை நடுவுக்கு மேல போனா ஸ்டீப் கிரீக் ஓடைல செவப்பா சால்மன் மீன் ஏறும், அதப் பிடிக்க கருப்புக் கரடி வரும், மரப்பாலத்து மேல நின்னு பாக்கலாம்.

ஆனா ஒண்ணு, கிட்டக்க ஐஸ் பாக்கணும்னு போனா மெண்டன்ஹால் ஏமாத்தும். நடுவுல ஒரு பெரிய ஏரி, அதுக்கு அந்தப் பக்கம்தான் ஐஸ். பார்வையாளர் கூடம் 1962ல திறந்தப்போ ஐஸ் எவ்வளவு கிட்ட இருந்துச்சுன்னு உள்ள போட்டோ மாட்டியிருக்காங்க, அதப் பாத்துட்டு அதே ஜன்னல் வழியா வெளிய பாத்தா வயித்தப் பிசையுது. 2019ல நான் எடுத்த போட்டோவையும் 2024ல எடுத்ததையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன், அஞ்சு வருஷத்துல எனக்கே வித்தியாசம் தெரியுது. என் பிள்ளைங்க அவங்க பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்தா அந்த ஜன்னல்ல ஐஸ் தெரியுமான்னு நினைச்சா தொண்டை அடைக்குது. இன்னொண்ணு, ஆகஸ்ட்ல போறவங்க வெள்ள எச்சரிக்கையப் பாத்துட்டுப் போங்க. மேல சூசைட் பேசின்னு ஒரு பள்ளத்துல தண்ணி தேங்கி ஐஸ்க்கு அடியில பிச்சுக்கிட்டு வருது, 2023, 2024, 2025 மூணு வருஷமும் ஆகஸ்ட்லயே வந்துச்சு, 2024ல முந்நூறு வீடு பக்கம் தண்ணி புகுந்துச்சு, அந்த நேரத்துல பாதையெல்லாம் மூடிருவாங்க.

திமிங்கிலமும் கிளேசியரும் சேத்து ஒரே டூரா விக்கிறாங்க, நிறைய பேர் அதத்தான் எடுக்குறாங்க. திமிங்கிலம் அருமையா இருக்கும், ஹவாய்லருந்து வர்ற ஹம்பேக் கோடை முழுக்க அந்தத் தண்ணிலதான் மேயும். ஆனா மெண்டன்ஹால்ல ஒரு மணி நேரம் சொச்சம்தான் கொடுப்பாங்க, அருவிக்கு நடந்துட்டு வரவே அது பத்தாது. உங்களுக்கு ஏற்கனவே கப்பல்ல ஒரு முழு கிளேசியர் நாள் இருக்குன்னா ஜூனோல திமிங்கிலம் மட்டும் தனியாப் போங்க, ரெண்டையும் திணிக்காதீங்க.

புக் பண்றப்போ ரெண்டு விஷயம். கப்பல் வழியா வாங்குன டூர் லேட்டானா கப்பல் காத்திருக்கும், வெளிய வாங்குனா காத்திருக்காது, அலாஸ்கா நேரம் சியாட்டில விட ஒரு மணி நேரம் பின்னாடி, போன் ஒரு நேரம் காட்டும் கப்பல் ஒரு நேரம் காட்டும், அதனால கப்பல் கடிகாரத்தையே நம்புங்க. அடுத்தது குளிரு. ஜூன்லயும் கிளேசியர்லருந்து இறங்குற காத்து எலும்பு வரைக்கும் போகும், எங்க அப்பா வெறும் ஸ்வெட்டரோட டெக்குக்கு வந்துட்டு பத்து நிமிஷத்துல உள்ள ஓடிட்டாங்க, காத்து புகாத ஜாக்கெட்டும் குல்லாவும் இருந்தாத்தான் ஒரு மணி நேரம் நிக்க முடியும். ஆளுக்கு ஒரு பைனாகுலர் எடுத்துக்கோங்க, வீட்டுக்கே ஒண்ணுன்னு கொண்டுபோனா சண்டைதான்.

அக்காவுக்குப் போன வருஷம்தான் முட்டி ஆபரேஷன் ஆச்சு, கப்பல்லருந்து சின்ன போட்டுக்குத் தாண்டுறது ஆகாது, அத்தானுக்கு உயரம்னா தலை சுத்தும். அதனால பையன்கிட்ட வான்கூவர்லருந்து கிளம்புற கிளேசியர் பே கப்பல், பால்கனி ரூம், ஜூனோல மெண்டன்ஹால் ஷட்டில் மட்டும்னு சொன்னேன். அவனும் அவன் பொண்டாட்டியும் மட்டும் தனியா போறதா இருந்தா எண்டிகாட்டும் சின்ன போட்டும்னு சொல்லியிருப்பேன், அத அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னான். மே கடைசி வாரத்துக்கு ரூம் பிடிச்சாச்சு. சியாட்டில்லருந்து கிளம்பினாலும் நடுவுல விக்டோரியால நிக்கிறதால கனடா விசா எப்படியும் வேணும், அக்காவுக்கும் அத்தானுக்கும் கைரேகை கொடுக்க இன்னும் தேதி கிடைக்கல, இப்ப அதத்தான் தினமும் பாத்துட்டிருக்கோம்.